பயிற்சி பெரட்டுக் களம் வரை வர வேண்டும்



பல்கலைக்கழகங்களில் விவசாய விரிவாக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கும். அங்கிருந்து வரும் செய்தி மடல்களில் ஊழியர் செய்திகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். இன்னார் பதவி உயர்வு பெற்றார், இன்னார் மேற்படிப்புக்குப் போனார், இத்தனை அதிகாரிகள் மூன்று நாள் பயிற்சியில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கினார்கள் என்று படத்தோடு போட்டிருப்பார்கள்.

"இதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? பம்பைத் தூக்கிட்டு மருந்தடிக்கப் போறவங்களுக்கு எந்த அதிகாரி எந்த கோர்ஸுக்குப் போனா என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சுகாதாரப் பக்கத்தில் டிரெசர் ஏன் இதை எழுதுகிறார் என்றும் தோன்றலாம்.

சம்பந்தம் இருக்கிறது. உங்கள் பம்பில் எந்த மருந்து, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்கிறவர் யாரிடமோ கற்றுக்கொண்டுதான் தீர்மானிக்கிறார். அவர் கற்றது முழுப் பாடமா அரைகுறைப் பாடமா என்பது உங்கள் தோலிலும் நகத்திலும் மூச்சிலும் தெரிந்துவிடும். ஆகவே அந்த அதிகாரிகளின் பயிற்சி நம்முடைய ஆரோக்கியப் பிரச்சினை என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பயிற்சி இன்று பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

விரிவாக்கம் என்றால் என்ன? ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்ததை நிலத்தில் பாடுபடுகிறவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அமெரிக்காவில் 1914-ல் இதற்காகவே ஸ்மித்-லீவர் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பல்கலைக்கழகத்து அறிவு விவசாயியின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் நாட்டில் செர்டாங்கில் 1931-ல் விவசாயப் பள்ளி தொடங்கியது. 1947-ல் அது கல்லூரியானது. 1971-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவோடு சேர்ந்து மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாயிற்று. 1997 முதல் அதற்குப் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர். அங்கே படித்து வந்தவர்கள் இன்று நாடு முழுதும் விவசாய அதிகாரிகளாகவும் தோட்ட நிர்வாகிகளாகவும் இருக்கிறார்கள்.

நெல் பயிரிடுகிறவரைத் தேடி விவசாய இலாகா அதிகாரி வருவார். ரப்பர் சிறுதோட்டக்காரருக்கு 1973-ல் அமைந்த ரிஸ்டா இருக்கிறது. பெல்டா குடியேற்றக்காரருக்குப் பெல்டா ஊழியர்கள் இருக்கிறார்கள். பெரிய தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவரைத் தேடி யார் வருகிறார்கள்? நிலம் நம்முடையதல்ல, பயிரும் நம்முடையதல்ல. ஆகவே 'விவசாயி' என்ற கணக்கில் நாம் வருவதில்லை. ஆனால் மருந்து மட்டும் விவசாயியை விட நம் மேல்தான் அதிகம் படுகிறது. சிறுதோட்டக்காரர் தன் காட்டுக்கு எப்போதாவது அடிப்பார். நம்முடைய மருந்தடிப்புக் கும்பலில் இருக்கிற அக்காவுக்கு அதுவேதான் வேலை. ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு.

அப்படியானால் நமக்கு அறிவு எப்படி வருகிறது? பேராசிரியர் அதிகாரிக்குச் சொல்கிறார். அதிகாரி நிர்வாகிக்குச் சொல்கிறார். நிர்வாகி சின்ன துரைக்கு, சின்ன துரை மண்டோருக்கு, மண்டோர் பெரட்டில் நமக்கு. ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தால் கடைசி ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒரு பம்புக்கு எத்தனை மூடி என்பது தவறாமல் வந்து சேருகிறது. அதைச் சொல்லாவிட்டால் புல் சாகாது. கையில் பட்டால் என்ன செய்ய வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் நிறுத்த வேண்டும், கர்ப்பிணி இந்த வேலைக்குப் போகலாமா என்பதெல்லாம் வழியிலேயே சிந்திவிடுகிறது.

ஒரு தோட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மருந்தைப் பத்திரமாகக் கையாள்வது பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசினார். நல்ல பேச்சு, நல்ல படங்கள். பேசியது ஆங்கிலத்தில், கேட்டது ஆபீஸ் கிராணிமாரும் ஸ்டாப்பும். அந்த நேரத்தில் மருந்தடிக்கிற பெண்கள் எங்கே? வேலைக்காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் அன்றைய வேலை கெட்டுவிடுமாம். வந்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரைக் காட்டினார்களோ அவர்களுக்குத்தான் அவர் பாடம் சொன்னார்.

பராகுவாட் மருந்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டங்களில் அதை அறியாதவர் இல்லை. அதை அடித்தவர்களுக்கு நகம் கறுத்து உரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது, கண் எரிந்தது. விழுங்கிவிட்டால் மாற்று மருந்தே கிடையாது. 2002-ல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பினரும் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களிடம் நேரில் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ல்தான். இடையில் எத்தனை பம்பு, எத்தனை முதுகு!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நகம் உரிவதை முதலில் கண்டது யார்? எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. மருந்தடித்த பெண்தான் கண்டாள். அவள் சொன்னதைக் கேட்டு எழுதி மேலே கொண்டுபோக ஓர் ஆள் கிடைக்கும் வரை அது வெறும் "கை எரிச்சல்" என்றே இருந்தது. விரிவாக்க அதிகாரிக்குப் பேசுவதற்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதியாவது கேட்பதற்குக் கொடுத்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

இப்படி நடத்திக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1970-களிலும் 80-களிலும் உலக வங்கியின் ஆதரவோடு 'பயிற்சியும் வருகையும்' என்ற முறை பல நாடுகளில் பரவியது. டேனியல் பெனோர் என்பவர் வகுத்த முறை அது. அதிகாரிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பயிற்சி. அவர் விவசாயியிடம் போவதற்கும் நாள் குறித்திருக்கும். இன்ன கிழமை வருவார் என்று ஊருக்கே தெரியும். அந்த முறையிலும் குறை உண்டு. எல்லாம் மேலிருந்து கீழே வந்த பாடம்தான், செலவும் அதிகம். ஆனால் கற்றுக்கொண்ட சூட்டோடு களத்துக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

அதை விடச் சிறந்தது பக்கத்து இந்தோனேசியாவில் நடந்தது. 1989-ல் அங்கே ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் உதவியோடு விவசாயிகளுக்கு வயல்பள்ளி தொடங்கினார்கள். வகுப்பறை கிடையாது. வாரம் ஒரு நாள் விவசாயிகள் கூட்டமாக வயலில் இறங்கி, எது கெட்ட பூச்சி, எது நல்ல பூச்சி, மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே பார்த்துப் பேசி முடிவு செய்தார்கள். பாடம் நடத்துகிறவருக்கும் பயிற்சி வயலில்தான். ஒரு போகம் முழுவதும் சேற்றில் நின்று பயிர் செய்து கற்க வேண்டும். பிறகு தேர்ந்த விவசாயிகளே மற்றவர்களுக்கு ஆசிரியர் ஆனார்கள். வியட்நாமில் இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தடித்த பிறகு தலைச்சுற்றா, வாந்தியா, கை நடுக்கமா என்று விவசாயிகளே தங்கள் உடம்பைக் கவனித்துக் குறித்து வைத்தார்கள். எழுத்து தெரிந்தவர்கள் எழுதினார்கள் என்பதல்ல பெரிது. தன் உடம்பு சொல்வதும் ஒரு சாட்சி என்று ஒப்புக்கொண்டார்களே, அதுதான் பெரிது.

"அதிகாரிகள் கொஞ்சப் பேர், வேலை மலையளவு, தோட்டம் தோட்டமாக வர முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். அவர்கள் எல்லாத் தோட்டத்துக்கும் வர வேண்டாம். தங்களிடம் பயிற்சி பெற்றுப் போகிற ஸ்டாப், பெரட்டில் நின்று பாடம் சொல்லும் அளவுக்கு அவரைத் தயார் செய்து அனுப்பட்டும். ஆஸ்பத்திரிக்காரர்களையும் அதே பயிற்சிக்குக் கூப்பிடட்டும். மருந்து அடிக்கிற பாடம் ஒருவருக்கு, மருந்து பட்டு வந்தவரைப் பார்க்கிற பாடம் வேறொருவருக்கு என்று பிரித்து வைத்தால், இரண்டு பேரும் பாதி தெரிந்தவர்களாகவே இருப்போம்.

இன்னொரு பதிலும் வரும். "எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு." கையெழுத்து வேறு, அறிவு வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இன்று நம் பெரட்டில் நிற்பவர்கள் தமிழர் மட்டுமல்ல. இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள் நிற்கிறார்கள். அவரவருக்குப் புரிகிற மொழியில் சொல்லாத பாடம் சொல்லாத பாடம்தான். பக்கத்து நிரையில் அடிக்கிறவருக்குத் தெரியாவிட்டால் காற்றில் வருவது உங்கள் முகத்தில்தான் படும். ஆகவே "அவங்க வேற ஆளுங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன் கீழ் ரசாயனங்களைப் பற்றி 2000-ல் வந்த விதிகளும், ஆபத்தான ரசாயனத்தைக் கையாள்பவருக்குத் தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கின்றன. கர்ப்பிணியையும் பால் கொடுக்கிற தாயையும் டாக்டர் சிபாரிசின் பேரில் அந்த வேலையிலிருந்து மாற்றவும் அந்த விதிகளில் இடமிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளிக்குச் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆபத்து எது என்று தெரிந்தால்தானே அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும்?

ஆகவே நான் சொல்வது இதுதான். உங்கள் தோட்டத்திலிருந்து யாராவது பயிற்சிக்குப் போய் வந்தால், தோட்டக் கமிட்டியின் மூலம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, படிச்சுட்டு வந்ததை எங்களுக்கும் பெரட்டுல ஒரு அரைமணி நேரம் சொல்லுங்க." வேலை நேரத்திலேயே கேளுங்கள். பாடத்தின் முடிவில் கீழே உள்ளவற்றுக்கு உங்களுக்குப் பதில் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒன்று: டின்னில் உள்ள வண்ணப் பட்டை என்ன சொல்கிறது? கறுப்பு மிகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், அதன் பிறகு நீலம்.

இரண்டு: மருந்து உடம்புக்குள் அதிகமாக எந்த வழியாகப் போகிறது? வாய் வழியாக என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தடிக்கிறவருக்குத் தோல்தான் பெரிய வாசல். முதுகில் பம்பு ஒழுகி நனைந்தால் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உடனே சட்டையைக் கழற்றிச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். வேலைக்காட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்களா?

மூன்று: நாசில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? வாயால் ஊதவே கூடாது.

நான்கு: மருந்தடித்த துணியை எங்கே துவைப்பது? பிள்ளைகளின் துணியோடு சேர்த்து அல்ல. காலி டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் பிடிப்பதும் வேண்டாம்.

ஐந்து: மயக்கம், வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல் இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்? மருந்தின் பெயர் உள்ள லேபிளை. அது கையில் இருந்தால் டாக்டர் பினாங்கில் உள்ள தேசிய விஷ மையத்தைக் கேட்டு உடனே வைத்தியம் தொடங்கலாம்.

இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால், போய் வந்தவருக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, உங்களுக்குப் பயிற்சி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நம் தொழிற்சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்காரும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவுகளுக்கும் எழுதுங்கள். உங்கள் ஊழியர்களின் பயிற்சித் திட்டத்தில், ஒரு மருந்தடிப்புக் கும்பலோடு சில நாட்கள் விடிகாலைப் பெரட்டிலிருந்து வேலை முடியும் வரை நிற்பதையும் ஒரு பாடமாகச் சேருங்கள் என்று கேளுங்கள். அந்த அதிகாரிகளும் நல்லது செய்ய வேண்டும் என்றுதான் படித்து வந்தவர்கள். முகம் பார்த்துக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த முறை அவர்களுடைய ஊழியர் செய்திப் பக்கத்தில், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதோடு, மருந்தடிக்கிறவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது என்றும் ஒரு வரி வரட்டும். அந்த வரிக்காக நாம்தான் கேட்க வேண்டும், தோழர்களே. நாளைக் காலைப் பெரட்டிலேயே கேட்கத் தொடங்கலாம்.