பந்தைத் தீர்மானிப்பது யார்?

மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான அடிக்கல் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவினால் நாட்டப்பட்டது. இது வரவேற்கத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மைதானத்தைப் பற்றிப் பேசுவோர் பந்தைப் பற்றிப் பேசுவதில்லை. தொண்டைமானாற்றுக் கடனீரேரிக் கரையில் மாலை வேளையில் விளையாடும் சிறுவனின் கையில் இருப்பது மென்பந்து. சர்வதேச மைதானம் கேட்பதோ கடினப்பந்து. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை விலையே தீர்மானிக்கின்றது.

டெஸ்ட் போட்டிகளுக்கான பந்துச் சந்தை மூன்று நிறுவனங்களிடம் உள்ளது. இலங்கை உட்படப் பல நாடுகள் அவுஸ்திரேலியாவின் கூக்கபராவைப் பயன்படுத்துகின்றன. இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ்; இந்தியாவில் எஸ்.ஜி. சர்வதேச ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளிலோ கூக்கபராவின் வெள்ளைப் பந்துக்குப் போட்டியே இல்லை.

இப்பங்கீடு தரத்தினால் மாத்திரம் ஏற்பட்டதன்று. டியூக்ஸ், எஸ்.ஜி. பந்துகளின் ஆறு வரித் தையலும் கையினால் இடப்படுபவை. கூக்கபராவில் நடு இரு வரிகள் மாத்திரமே கைத்தையல். ஏனையவை இயந்திரத் தையல். 2018 இல் இந்திய அணித் தலைவர் விராட் கோலி, உலகெங்கும் டியூக்ஸ் பந்தையே பயன்படுத்த வேண்டுமெனக் கூறினார். ஆயினும் இந்தியா எஸ்.ஜி.யைக் கைவிடவில்லை. எந்தப் பந்து என்பதை முடிவு செய்வது விளையாடுபவரல்லர், போட்டியை நடத்தும் நாட்டின் கிரிக்கெட் சபையே என்பதற்கு இது சான்றாகும்.

எஸ்.ஜி. நிறுவனத்தின் வரலாறு எமக்குப் பாடமாக அமையத்தக்கது. 1931 இல் சியால்கோட்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 1947 பிரிவினையின் பின் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்து மீரட் நகரில் வேரூன்றியது. இடம்பெயர்ந்தோரின் கைத்திறன் தொழிலை வளர்த்தது. இந்தியக் கிரிக்கெட் சபையின் தெரிவு அதற்கு டெஸ்ட் சந்தையில் இடமளித்தது. இடம்பெயர்வின் வலியை வடபுலத்துத் தமிழரும், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் நன்கறிவர். எம்மிடையே கைத்திறனுக்குக் குறைவில்லை. கொள்வனவு செய்வோர்தாம் இல்லை.

2022 இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, இறக்குமதிப் பொருள்கள் யாவும் எட்டாக்கனியாயின. அச்சுமை தொண்டைமானாற்றுக்கும் மூதூருக்கும் கல்முனைக்கும் பொதுவானது. யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 இல் ஐ.பி.எல். களம்வரை சென்றார். வசதி குறைந்த பாடசாலைகளிலிருந்தும் அத்தகையோர் உருவாக வேண்டாமா?

எனவே, கிரிக்கெட் நிர்வாகம் கடினப்பந்துகளை மொத்தமாகக் கொள்வனவு செய்து பின்தங்கிய பாடசாலைகளுக்கு வழங்க வேண்டும். பயிற்சிப் பந்துகளையேனும் வடக்கிலும் கிழக்கிலும் தைப்பதற்குரிய பயிற்சியையும் கொள்வனவு உறுதியையும் அரசு அளிக்க வேண்டும். அவ்வாறன்றேல், மண்டைதீவில் எழும் மைதானத்தில் எமது பிள்ளைகள் பார்வையாளர்களாகவே அமர்ந்திருப்பர்.