வாதக் கட்டுரையும் மதிப்பெண்ணும்: ஒரு மறுப்புரை

கல்லூரி மாணவர் எழுதும் வாதக் கட்டுரைகளைத் தமிழாசிரியர் மொழிநோக்கில் மட்டும் மதிப்பிட்டால் போதும் என்னும் கருத்து தமிழ்த்துறைகளில் பரவலாக நிலவுகிறது. பிழையற்ற நடை, தக்க மேற்கோள், முன்னுரை முடிவுரை அமைப்பு ஆகியன இருப்பின் தமிழாசிரியர் கடமை முடிந்தது. கருத்தின் வலிமையை அரசியல், பொருளியல் துறையினர் பார்த்துக்கொள்ளட்டும் என்பர் இக்கருத்தினர். இதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியையும் வாதத்தையும் இவ்வாறு பிரிப்பது தமிழ் மரபுக்குப் புறம்பானது. அப்பிரிப்பால் முதலில் இழப்புக்குள்ளாவோர் பெங்களூரு போன்ற பிறமாநில நகரங்களில் தமிழ் பயிலும் மாணவர்களே.

பெங்களூருக் கல்லூரிகளில் தமிழை மொழிப்பாடமாகக் கொள்வோருள் பலர் ஆங்கிலவழியிலோ கன்னடவழியிலோ பள்ளிக்கல்வி பெற்றவர்கள். லகர ளகர ழகரங்களில் அவர்கள் தடுமாறுவர். ஒற்று மிகுமிடம் மிகா இடம் அறியார். ஆயின் இரு மாநிலத்தார் வழக்கையும் நாள்தோறும் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். காவிரிநீர்ப் பங்கீடு என்னும் தலைப்பு தரப்படுகிறது எனக் கொள்வோம். ஒரு மாணவர் காவிரியை அன்னையாக விளித்து, மூன்று மேற்கோள்களை அடுக்கி, ஒற்றுமை வேண்டும் என வாழ்த்தி முடிக்கிறார். மற்றொருவர் 2007ஆம் ஆண்டு நடுவர்மன்றத் தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் தமிழகம் பெறவேண்டிய நீர் 192 டி.எம்.சி. என்றும், 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை 177.25 எனக் குறைத்தது என்றும் தொடங்குகிறார். குறைக்கப்பட்ட 14.75இல் 10 டி.எம்.சி. தமிழகத்து நிலத்தடி நீரைக் கணக்கிற்கொண்டும், 4.75 பெங்களூருவின் தேவையைக் கருதியும் கருநாடகத்திற்குத் தரப்பட்டன என்று பிரிக்கிறார். தாம் குடிப்பதும் அந்நீரே என ஒப்புக்கொண்டு, குடிநீர்க்கு முதன்மை தருவது முறையே என்கிறார். பின்னர், ஆற்றுநீரால் ஊறும் நிலத்தடி நீரைத் தனிக்கணக்காகக் கொள்ளல் தகுமா என வினவுகிறார். அவர் தாளில் பத்துச் சந்திப்பிழைகள் உள. நம் மதிப்பீட்டு முறையில் முதலாமவர்க்கே மிகுதியான மதிப்பெண் கிட்டும் என்பதைத் தாள் திருத்தும் எவரும் மறுக்கமாட்டார்.

இம்முறைக்கு மரபைத் துணைக்கழைப்பதுதான் வியப்பு. நன்னூற் பொதுப்பாயிரம் நூற்குற்றம் பத்தினைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றே சொற்பிழை பற்றியது. மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் போன்ற ஏனையவை பெரிதும் கருத்தின் போக்கையும் கட்டமைப்பையும் பற்றியன. பத்தில் ஒன்றை முழுமையாகக் கொண்டு ஒன்பதைக் கைவிட்டோர் தம்மை மரபினர் எனல் எங்ஙனம்? பவணந்தியார் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலும் ஒன்று. எதிர்த்தரப்பை அதன் முழுவலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் வேண்டும் என்னும் நெறி இது. நம் விடைத்தாள்களில் இதற்கென ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கப்படுவதில்லை. (நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன், கங்கரின் தொடக்காலத் தலைநகர் பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார். இம்மண்ணின் மாணவர்க்கு நன்னூல் அயல்நூல் அன்று.)

மணிமேகலையின் 29ஆம் காதை இன்னும் நுணுக்கமானது. அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகளை வகுத்து, பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து எனப் பிழைகளையும் எண்ணிக் காட்டுகிறார். இப்பகுதி வடமொழி நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிய ஒப்புமையுடையது என்பது அறிஞர் பலர் காட்டிய ஒன்று. கடனாயினும் ஆகுக, தமிழில் வாதத்தை அளக்கச் சொற்கள் இல்லை என்னும் கூற்று அதனால் பொய்யாகிறது. நீலகேசியோ மறுக்க எடுத்துக்கொண்ட தரப்புகளை எடுத்துக்கூறியே மறுத்தது. குண்டலகேசி பெரும்பகுதி மறைந்துவிட்ட இந்நாளில் அதன் கொள்கைகளை நாம் அறியத் துணைபுரிவது, அதனை எதிர்த்தெழுந்த அந்நூலும் அதன் உரையுமே.

வாதத்தை மதிப்பிடுவது திருத்துவோரின் விருப்புவெறுப்புக்கு இடந்தரும் என்பது அடுத்த தடை. இது புறந்தள்ளத்தக்கது அன்று. அமெரிக்காவில் 1961இல் டீடரிக்கும் உடனாய்வாளரும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் தந்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் செய்தனர். ஒவ்வொரு கட்டுரையும் குறைந்தது ஐந்து வெவ்வேறு தரங்களைப் பெற்றது. ஆயின் அவ்வாய்வின் உட்பொருளை நோக்குக. கருத்து, அமைப்பு, நடை, சொல், பிழையின்மை என வெவ்வேறு பண்புகளை ஒவ்வொருவரும் முதன்மையாகக் கொண்டமையே வேறுபாட்டிற்குக் காரணம். எதனை அளக்கிறோம் என்பதை முன்கூட்டி உரைக்காததன் விளைவு அது. மொழியை மட்டும் பார்ப்பதால் அக்குறை நீங்காது. ஒருவர்க்கு நடை இனிக்கும், மற்றவர்க்கு அதுவே மிகைபடக் கூறலாகும்.

திருத்துவோர் ஒத்த மதிப்பெண் தருவதாலேயே மதிப்பீடு செவ்விதாகிவிடாது. 2005இல் சாட் தேர்வில் கட்டுரை சேர்க்கப்பட்டபோது, மதிப்பெண் கட்டுரையின் நீளத்தையே பெரிதும் தொடர்ந்தது என்பதை லெஸ் பெரல்மன் சுட்டிக்காட்டினார். பக்கம் எண்ணி மதிப்பெண் இடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. மறுகோடியில், சிக்கலே வேண்டாவென்று எழுத்தையே ஒழிப்பது உண்டு. தேசியத் தகுதித் தேர்வின் மூன்றாம் தாள் 2012 ஜூன் முதல் கொள்குறி வினாக்களாக மாறியது. ஒரு பக்கமேனும் வாதிட்டு எழுதாமலே ஒருவர் விரிவுரையாளர் தகுதி பெறலாம் என்றால், அவர் நாளை மாணவரின் வாதத்தை எவ்வாறு எடைபோடுவார்?

செய்யவேண்டுவது அரிதன்று. வாதக் கட்டுரைக்குரிய மதிப்பெண்ணில் பாதிக்குக் குறையாமல் ஏதுவின் பொருத்தத்திற்கும் சான்றின் உண்மைக்கும் எதிர்த்தரப்பை எடுத்துரைத்து மறுக்கும் திறத்திற்கும் ஒதுக்குதல் வேண்டும். எழுத்துப்பிழைக்குக் கழிக்கும் மதிப்பெண்ணுக்கு ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். பிழை பொறுக்கத்தக்கது என்பதற்காக அன்று, ஒரே குறைக்குப் பத்துமுறை தண்டித்தல் அளவையாகாது என்பதற்காக. மாணவர் கொண்ட முடிவு ஆசிரியர்க்கு உடன்பாடில்லாதபோது தாளை இரண்டாமவர் ஒருவரும் படித்தல் நன்று.

இவை அனைத்திற்கும் முன்னர் வினாத்தாளைத் திருத்தல் வேண்டும். தமிழின் பெருமை, நூலகத்தின் பயன் என்பன எதிர்வழக்கற்ற தலைப்புகள். அவற்றை வாதக் கட்டுரை என்று கேட்பதே பக்கப்போலி. பெங்களூருவில் பொதுக்கல்வி கன்னடவழியில் கட்டாயமாதல் வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கட்டும். தமிழ் மாணவர் இருதரப்பிலும் நின்று எழுதுவர். அத்தாள்களைத் திருத்துவதுதான் நமக்குக் கடினமாக இருக்கும்.