சாஃப்ட் மூடியக் கழட்டி வீசாதீங்கப்பா

நம்ம பக்கம் ரோட்டாவேட்டர் வாங்கப் போறவன் எத்தனை பிளேடு, எத்தனை அடி அகலம், மானியம் எவ்வளவுன்னு ஆயிரம் கேள்வி கேப்பான். டிராக்டருக்கும் ரோட்டாவேட்டருக்கும் நடுவுல சுத்துற பி.டி.ஓ. சாஃப்ட்டைப் பத்தி ஒரு கேள்வி கேக்க மாட்டான். "எட்டலைன்னா லேத்துல கொடுத்து ஒட்டிக்கலாம்ணே" என்பான். அந்த வார்த்தைமேலதான் எனக்குக் கோபம்.

போன வருஷம் கடலை விதைக்கிற நேரத்துல என் மச்சான் பழைய ரோட்டாவேட்டர் ஒண்ணு வாங்கினான். சாஃப்ட் எட்டல. ரெண்டு துண்டை வெல்டு வச்சு மாட்டினான். மேல பிளாஸ்டிக் மூடியும் இல்லை. வரப்போரம் ரோட்டாவேட்டரைத் தூக்கி நிறுத்திட்டு, பி.டி.ஓ.வை அமத்தாமலே இறங்கிக் குனிஞ்சு பாத்திருக்கான். கைலி முனை சாஃப்ட்டுல மாட்டிக்கிச்சு. இத்துப்போன பழைய கைலி, கிழிஞ்சு வந்துருச்சு. தொடையில தையலோட தப்பிச்சான். அன்னைக்குப் புதுக் கைலி கட்டியிருந்தா நான் இதை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

"பாத்து வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுத்து. நொடிக்கு 9. நாலு முழ வேட்டி மொத்தமும் சுருட்டிக்க ஒரு நொடி போதும். நீங்க "ஐயோ"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். இதுல எங்க பாத்து வேலை செய்யறது?

நானும் யோக்கியன் இல்லை. கிரீஸ் அடிக்க இடைஞ்சலா இருக்குன்னு வாங்கின வாரமே மூடியைக் கழட்டி மாட்டுக் கொட்டகையில போட்டவன்தான். மச்சானை ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே தேடி எடுத்து மாட்டினேன். ஐரோப்பாவுல மூடி இல்லாம இந்த சாஃப்ட்டை விக்கவே சட்டம் விடாது. அவன் உசிரு மட்டும்தான் உசிரா?

சாஃப்ட்டை அறுக்கிறது தப்பில்லை, அறுத்து ஒட்டுறதுதான் தப்பு. நீளமா இருந்தா உள்குழாய், வெளிக்குழாய், மூடி எல்லாத்தையும் ஒரே அளவு குறைச்சு, பிசிறு தேய்ச்சு மாட்டலாம். ரோட்டாவேட்டரை ஏத்தி இறக்கிப் பாருங்க. ரெண்டும் ரொம்பக் கிட்ட வர்ற இடத்துலயும் சாஃப்ட் முட்டாம ஒரு அங்குலமாவது விடணும். முட்டினா கியர்பாக்ஸ் பேரிங் போயிரும். தூரமாப் போற இடத்துல குழாய் மூணுல ஒரு பங்காவது உள்ள இருக்கணும். இல்லைன்னா ஓட்டத்துலயே கழண்டு சாட்டை மாதிரி வீசும். எட்டலைன்னா நீளமான சாஃப்ட் வாங்குங்க. வெல்டு வச்சதுல ரெண்டு முனைக் கவையும் நேர்கோட்டுல நிக்காது. ஆட்டம் கண்டு, கிராஸ் மாத்தியே மிச்சம் பிடிச்ச காசு போயிரும்.

சியர் போல்ட் அறுந்தா அதே போல்ட்டைப் போடுங்க, கெட்டி போல்ட் வேணாம். அது அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாத்தத்தான் இருக்கு. மூடிச் சங்கிலியை மறக்காமக் கட்டுங்க, கட்டலைன்னா மூடியும் சேந்து சுத்தும்.

ஆலங்குடிப் பக்கம் கடலைக்காரங்க, அறந்தாங்கிப் பக்கம் நெல்லுக்காரங்க எல்லாருக்கும் சொல்றேன். வாடகைக்கு வர்ற வண்டியில மூடி இல்லைன்னா "எங்கண்ணே மூடி?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேரு கேட்டா அஞ்சாவது நாள் மாட்டிக்கிட்டு வருவான். இறங்குறதுக்கு முன்னாடி பி.டி.ஓ.வை அமத்துங்க. புழுதி ஒருநாள் தள்ளி ஓட்டினாலும் கடலை முளைக்கும்.