லில்லி மொன்டேகுவின் 70 ஆண்டுகள்: புலம்பெயர் தமிழருக்கு ஒரு பாடம்

புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று அந்நிய மண்ணில் வேரூன்றுவதற்கு ஆலயங்களும் ஆண்டு விழாக்களும் மட்டும் போதுமா? நாள் முழுவதும் தையற்கூடத்தில் உழைத்துவிட்டு, மாலையில் போக்கிடமின்றி நிற்கும் ஓர் இளம் பெண்ணுக்கு அச்சமூகம் என்ன செய்கிறது? இந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எழுப்பி, தன் வாழ்நாள் முழுவதையும் அதற்கு விடையாக அளித்தவர் லில்லி மொன்டேகு என்னும் யூதப் பெண்மணி.

1873ஆம் ஆண்டு இலண்டனின் செல்வக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை சாமுவேல் மொன்டேகு பெரும் வங்கியாளர். வைட்சப்பல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மத ஆசாரங்களை வழுவாது கடைப்பிடித்தவர். உடன்பிறந்த தம்பி எட்வின் மொன்டேகுவின் பெயர் தமிழருக்குப் புதியதன்று. 1917 முதல் 1922 வரை இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சராக இருந்து, 1919ஆம் ஆண்டின் மொன்டேகு - செம்சுபோர்ட் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தவர் அவரே. அச்சீர்திருத்தங்களின் கீழ் அமைந்த சென்னைச் சட்டமன்றம்தான் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. தம்பியின் பெயர் பாடநூல்களில் இடம்பெற்றது. தமக்கையின் பணியோ பெரிதும் பேசப்படாமலே போயிற்று.

1881ஆம் ஆண்டின் பின்னர் உருசியப் பேரரசில் யூதர்களுக்கு எதிரான வன்முறைகள் வெடித்தன. வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி, 1914ஆம் ஆண்டுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் பிரித்தானியாவில் குடியேறினர். 1983 கறுப்பு யூலையின் பின்னர் கைப்பையுடன் விமானமேறிய தமிழருக்கு அவர்களின் நிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை. வந்தவர்களில் பலர் குறைந்த கூலிக்குத் தையல் வேலை செய்தனர். உள்ளூர் மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1905இல் நிறைவேறியது.

இச்சூழலில்தான் 1893ஆம் ஆண்டு, தனது 19ஆவது வயதில், சகோதரி மேரியனையும் உறவினர் ஒருவரையும் துணைக்கொண்டு 'மேற்கு மத்திய யூதப் பெண்கள் மன்றம்' என்ற அமைப்பை லில்லி தொடங்கினார். வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அங்கே மாலை வகுப்புகள் நடந்தன. தையல், வாசிப்பு, உடற்பயிற்சி, நாடகம் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. நகரத்தின் நெரிசலை விட்டு வெளியே செல்ல வாய்ப்பற்றவர்களுக்கு விடுமுறைப் பயணங்களும் ஒழுங்கு செய்யப்பட்டன.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. நாளெல்லாம் வேலை வாங்கி அரைவயிற்றுக் கூலி கொடுக்கும் முதலாளியைக் கேள்வி கேட்காமல், களைத்து வரும் பெண்ணுக்கு மாலையில் பாடம் மட்டும் சொல்லிக் கொடுப்பதில் என்ன பயன் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். பெண் தொழிலாளரின் ஊதியம், வேலை நேரம், தொழிற்கூடச் சூழல் ஆகியவற்றுக்காகக் குரல் கொடுத்தார். 1911ஆம் ஆண்டு பல்வேறு சமயங்களைச் சார்ந்த பெண்கள் மன்றங்களை இணைத்து நாடளாவிய அமைப்பு ஒன்று உருவானபோது, அதன் முன்னோடிகளில் ஒருவராக நின்றார். இன்று 'யூகே யூத்' என்ற பெயரில் இயங்கும் இளையோர் அமைப்பு அதன் வழிவந்ததே. தன் இனத்துப் பெண்களுக்காகத் தொடங்கிய பணி, அந்த நாட்டுப் பெண்கள் அனைவருக்குமான பணியாக விரிந்தது.

அவரது வாழ்வின் கடினமான பக்கம் வழிபாட்டைப் பற்றியது. மன்றத்துப் பெண்களில் பலருக்கு எபிரேய மொழி வழிபாடு விளங்கவில்லை. விளங்காத ஒன்றிலிருந்து அவர்கள் மெல்ல விலகிச் சென்றனர். லில்லி அவர்களுக்கென ஆங்கிலத்திலும் வழிபாடு நடத்தினார். 1902இல் குளோட் மொன்டிபியோர் போன்ற அறிஞருடன் சேர்ந்து, சீர்திருத்த நோக்குடைய யூத சமய ஒன்றியத்தை நிறுவினார். தந்தை அதை ஏற்கவில்லை. மகள் தந்தையையும் வெறுக்கவில்லை. தன் வழியையும் கைவிடவில்லை. 1918ஆம் ஆண்டு இலண்டன் லிபரல் யூதத் தொழுகைக் கூடத்தில் ஒரு பெண்ணாக நின்று அருளுரை ஆற்றினார். 1926இல் முற்போக்கு யூதத்தின் உலக ஒன்றியம் இலண்டனில் உருவானதும், அதன் மதிப்புறு செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார்.

1941 ஏப்ரலில் யேர்மானியக் குண்டுவீச்சில் மன்றத்தின் கட்டடம் தகர்ந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த 27 பேர் மாண்டனர். அப்போது லில்லிக்கு வயது 67. ஓய்வுபெற அதைவிட நியாயமான காரணம் வேறு வேண்டியதில்லை. எனினும் எஞ்சியவர்களைக் கூட்டிப் பணியைத் தொடர்ந்தார். 1963 சனவரியில் மறையும்வரை அத்தொடர்பு அறவில்லை.

இவ்வரலாற்றைப் புலம்பெயர் தமிழர் ஏன் அறிய வேண்டும்?

இலண்டனின் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரம் முழுவதும் வேலைக்குச் சென்று, சனிக்கிழமை காலையில் ஊதியமின்றிக் கற்பிக்கும் தாய்மார் அவர்கள். ஆனால் விழா மேடையில் பொன்னாடை போர்த்தப்படுவோர் யார்? நிர்வாகக் குழுவின் தலைமையில் அமர்வோர் யார்? பல அமைப்புகளில் பெண்களின் பொறுப்பு வகுப்பறையிலும் சமையற்கூடத்திலும் முடிந்துவிடுகிறது என்பது கசப்பான உண்மை.

இளையோரின் நிலையும் சிந்திக்கத்தக்கது. ஐந்து வயதில் அகரம் எழுதத் தொடங்கிய பிள்ளை உயர்தரப் பரீட்சை முடிந்ததும் காணாமற்போகிறது. 'பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை' என்று பெற்றோர் நொந்துகொள்கின்றனர். அமைப்புகள் அப்பிள்ளையை ஆடவும் பாடவும் பேச்சுப் போட்டியில் பங்குபற்றவும் அழைத்தன. முடிவெடுக்க எப்போதாவது அழைத்தனவா?

லில்லி செல்வந்தர் வீட்டுப் பெண், பிழைப்புக்காக உழைக்கும் தேவை அற்றவர், திருமணம் செய்யாதவர். இரண்டு வேலை பார்க்கும் தமிழ்த் தாயுடன் அவரை ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த மன்றம் அவர் ஒருவரின் உழைப்பில் மட்டும் நிலைக்கவில்லை. அங்கே உறுப்பினராக வந்த பெண்களே வளர்ந்து அதன் பொறுப்புகளைச் சுமந்தனர். தலைமையைப் பகிர்ந்ததால்தான் அது குண்டுவீச்சையும் தாண்டி நின்றது. நேரம் குறைந்த சமூகத்துக்கு இந்தப் பகிர்வு இன்னும் அவசியமானது.

ஆங்கிலத்தில் வழிபாடு நடத்தியது மொழியைக் கைவிட்டதாகாதா என்றும் கேட்கலாம். தமிழைக் காப்பது புலம்பெயர்ந்தோரின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும் பிள்ளையை நகைத்து வெளியேற்றுவது தமிழைக் காப்பதாகாது. முதலில் வாசலைத் திறக்க வேண்டும். உள்ளே வந்தவருக்கே மொழியைக் கற்பிக்க இயலும்.

ஒவ்வொரு தமிழ் அமைப்பும் செய்யக்கூடியவை சில உண்டு. 25 வயதுக்குட்பட்ட இருவருக்கேனும் நிதி முடிவுகளில் வாக்குடன் நிர்வாகக் குழுவில் இடம் தரலாம். கற்பிக்கும் பெண்களைத் தலைமைக்கு முன்மொழியலாம். வாரத்தில் ஒரு மாலையை வேலை, படிப்பு, குடும்பச் சிக்கல் பற்றி இளம் பெண்கள் அச்சமின்றிப் பேசுவதற்கென ஒதுக்கலாம். அதே தெருவில் அண்மையில் வந்து சேர்ந்த வேற்றினத்து அகதிக்கும் அந்தக் கதவைத் திறந்து வைக்கலாம்.

இவற்றுக்கு மாளிகை வேண்டியதில்லை. மேடையும் மாலையும் வேண்டியதில்லை. 1893இல் 19 வயதுப் பெண் ஒருவரை நம்பி ஒரு கூட்டம் கூடியது. அத்தகைய பெண்கள் தமிழர் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கப் பெற்றோரும் பெரியோரும் முன்வருவார்களா?