ஒரு பந்தும் பல வித்தையும்

நமது கல்லூரி மைதானங்களிலே மாலை வேளையில் நடைபெறும் கிரிக்கெட் பயிற்சியைச் சற்று நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். பதின்மூன்று அல்லது பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பந்தை ஏந்தி வருகிறான். முதலாவது பந்து லெக் பிரேக், அடுத்தது கூக்ளி, மூன்றாவது நடுவிரலாற் சுண்டி விடும் கரம் பந்து. ஓர் ஓவர் முடிவதற்குள் தெரிந்த வித்தை அனைத்தும் அரங்கேறிவிடுகின்றன. எதுவும் நினைத்த இடத்தில் விழுவதில்லை. எதுவும் சொல்லும்படியாகத் திரும்புவதுமில்லை. ஆயினும் சுற்றி நிற்போர் கைதட்டுகின்றனர். சிறுவனும் தான் சுழற்பந்து வீச்சைக் கற்றுவிட்டதாக எண்ணி மகிழ்கிறான். அவன் கற்றவை பந்துகளின் பெயர்களேயன்றிப் பந்துவீச்சு அன்று.

சுழற்பந்தின் வகைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுத் தனித்தனியே நிற்பவையல்ல. வலக்கையாளன் மணிக்கட்டினாலும் விரல்களாலும் திருகி விடும் லெக் பிரேக், நிலத்திற் பட்டதும் வலக்கைத் துடுப்பாட்டக்காரனை விட்டு விலகி ஓடுகின்றது. அதே மணிக்கட்டு இன்னுஞ் சிறிது மடிந்து, பந்து முன்னோக்கிச் சுழலுமாயின் அது டொப் ஸ்பின். எதிர்பார்த்ததற்கு முன்னரே தாழ்ந்து விழுந்து, எதிர்பார்த்ததினும் உயர எழும். மேலுஞ் சற்று மடிந்து பந்து புறங்கை வழியே வெளிப்படுமாயின் அது கூக்ளி, எதிர்த்திசையிலே திரும்பும். ஓர் அசைவின் மூன்று நிலைகளே இம்மூன்றும். கூக்ளி ஏமாற்றுவதும், லெக் பிரேக் வருமெனத் துடுப்பாட்டக்காரன் நம்பியிருப்பதனாலேயே. நம்பிக்கை பிறவாத இடத்தில் ஏமாற்றத்துக்கு இடமேது?

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, மன்செஸ்டரின் ஓல்ட் டிரபோர்ட் மைதானத்திலே ஷேன் வோர்ன் வீசிய ஒரு பந்து, கால்புறத்துக்கு வெளியே விழுந்து, மைக் கட்டிங்கின் துடுப்பைத் தாண்டித் திரும்பி, ஓஃப் ஸ்டம்பின் உச்சியைத் தொட்டது. 'நூற்றாண்டின் பந்து' என உலகம் கொண்டாடும் அது யாது? கூக்ளியுமன்று, பிளிப்பருமன்று, தொடக்கப் பாடமாகிய லெக் பிரேக்கேயாம். அதே மைதானத்திலே 1956இல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்ட் போட்டியில் 90 ஓட்டங்களுக்கு 19 விக்கெட்டுகளைச் சாய்த்ததும் ஓஃப் பிரேக் எனும் எளிய ஆயுதத்தை நம்பியேயாம்.

'அனைவரும் பழையதையே பற்றி நின்றிருப்பின் புதியது எவ்வாறு பிறந்திருக்கும்?' என ஒரு வினா எழலாம். நேர்மையான வினாவே. ஆனால், புதியது பிறந்த வரலாற்றைக் கவனித்தல் வேண்டும். கூக்ளியைக் கண்ட இங்கிலாந்தின் பொசன்கெற், மேசை மீது சிறு பந்தைத் துள்ளவிட்டு ஆடும் ஒரு பொழுதுபோக்கிலிருந்தே அதனைக் கண்டெடுத்தார். பின்னர் அதனை மைதானத்துக்கு ஏற்றதாக்க அவருக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. 1900ஆம் ஆண்டில் லோர்ட்ஸ் மைதானத்திலே அப்பந்து ஈட்டிய முதல் விக்கெட், நான்கு முறை நிலத்தில் துள்ளிச் சென்ற பந்துக்கே கிடைத்தது! பிளிப்பரை உருவாக்கிய கிளாரி கிரிமெற்றும் அதனைப் பல ஆண்டுகள் தனியே பயின்ற பின்னரே போட்டிகளிற் பயன்படுத்தினார். முப்பத்து மூன்றாவது வயதிலே டெஸ்ட் அரங்கில் நுழைந்து, 37 போட்டிகளில் 216 விக்கெட்டுகளைப் பெற்ற அவர், அவசரத்தால் எதனையும் அடைந்தவரல்லர். புதுமை பொறுமையின் பிள்ளை. பொறுமையின்மையின் பிள்ளை வெறும் விநோதம்.

நம் நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 2008ஆம் ஆண்டு கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியிலே அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைப் பெற்றார். அதே ஆண்டில் இந்தியாவுக்கு எதிரான மூன்று டெஸ்ட் போட்டிகளில் 26 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அது மகத்தான சாதனை. அதனைக் குறைத்துரைத்தல் அறமாகாது. எனினும், மறைபொருளை உலகம் படித்துவிட்ட பின்னர் அவ்வேகம் தணிந்தது. முத்தையா முரளிதரனோ, தூஸ்ரா அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதற்கு முன்னரே, 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் 16 விக்கெட்டுகளைப் பெற்றுவிட்டார். அவருடைய ஓஃப் பிரேக் இன்னதென எல்லோரும் அறிந்திருந்தனர். அறிந்தும் ஆட முடியவில்லை. 2010இல் காலியிலே அவர் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் அரங்கிலிருந்து விடைபெற்றார். மறைத்து வைத்த வித்தை ஒரு பருவம் வாழும். வெளிப்படையான வல்லமை ஓர் ஆயுட்காலம் வாழும்.

இன்னோர் அபாயமும் உண்டு. முழங்கை பதினைந்து பாகைக்கு மேல் நிமிர்தலாகாது என்பது சர்வதேச விதி. தூஸ்ராவை வீச முயலும் இளங்கை அவ்வெல்லையை அறியாமலே மீறக்கூடும். பாகிஸ்தானின் சயீட் அஜ்மல் போன்ற பெருவீரரே 2014இல் இக்காரணத்தால் தடை செய்யப்பட்டு, பந்துவீசும் முறையை மாற்றிக்கொண்டு மீண்டபோது பழைய வலிமையை இழந்திருந்தார். எலும்பு முற்றாத சிறுவனிடம் அதனைக் கேட்பது எவ்வகையில் நியாயம்?

ஆயின், பிழை சிறுவனுடையதன்று, நம்முடையதே. சுழற்றி உயர விடும் பந்து அடிபடும். அடிபட்ட மறுகணமே, 'தட்டையாக வீசு' என எல்லைக்கோட்டிலிருந்து குரல் எழுகின்றது. சனிக்கிழமைப் போட்டியின் வெற்றிக்காக ஒரு பிள்ளையின் பத்தாண்டு எதிர்காலத்தை நாம் விற்றுவிடுகிறோம். அவனும் அடிக்கு அஞ்சிச் சுழற்சியைக் கைவிடுகிறான். அல்லது வித்தைகளிலே புகலிடம் தேடுகிறான். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் வேண்டுவது இதுவே. முதல் ஆண்டில் ஒரே பந்தைக் கற்பியுங்கள். முதலில் முழு வலிமையோடு சுழற்றப் பழகட்டும். இடமும் நீளமும் பின்னர் வந்து சேரும். அடிபட்ட ஓவருக்குப் பின்னும் அவனிடமே பந்தைக் கொடுக்குமாறு அணித் தலைவனுக்குச் சொல்லுங்கள். யாப்பின் ஓசை செவியிற் படியாதவன் அதனை மீறினால் அது மீறலாகாது, தடுமாற்றமேயாகும் என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் அறிவோம். வகுப்பறையிலே அறிந்த அவ்வுண்மையை மைதானத்திலே மறக்கலாமா?

ஒரு பந்தைத் தன்னுடையதாக்கிக் கொண்ட மாணவனுக்கு மற்றவற்றை எவரும் ஊட்ட வேண்டியதில்லை. அவனது விரல்களே அவற்றைத் தேடிக் கண்டுகொள்ளும்.