வைக்கோலைக் கழிவு என்று யார் சொன்னது?

வைக்கோல், உமி, மரத்தூள் ஆகியவற்றிலிருந்து பெற்றோலும் டீசலும் பிளாஸ்ரிக் மூலப்பொருட்களும் எடுக்கலாம் என்ற செய்தி அடிக்கடி எம் காதில் விழுகிறது. செய்தி பொய்யல்ல. இதற்கு உதவுவது சியோலைற்று என்னும் கல். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்த இக்கல்லின் உள்ளே கண்ணுக்கெட்டாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. காற்றுப் படாமல் ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சூடாக்கிய மரத்தூளின் ஆவி அத்துளைகளுக்குள் புகுந்து, தன் ஒட்சிசனை நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் இழந்து, பென்சீன், தொலுயீன் போன்றவையாக வெளியே வருகிறது. மசகு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள் 1960களிலிருந்து இந்த ஊக்கியைப் பயன்படுத்தி வருகின்றன.

ஆனால் மரம் மசகு எண்ணெய் அல்ல. உலர்ந்த மரத்தின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒட்சிசன். அது போக எஞ்சுவதிலும் ஒரு பகுதி கரியாகித் துளைகளை அடைக்கும். கரியை எரித்துப் போக்கலாம். சாம்பலிலுள்ள பொற்றாசியத்தை அப்படிப் போக்க முடியாது. அது கல்லின் அமிலத் தன்மையைக் கெடுத்து, மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். வைக்கோலிலோ மரத்தைவிடச் சாம்பல் பல மடங்கு அதிகம்.

ஐக்கிய அமெரிக்காவில் கியோர் என்ற நிறுவனம் மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பைன் மரச் சீவல்களை ஊக்கியின் உதவியுடன் எரிபொருளாக்கும் ஆலையொன்றைக் கட்டியது. மாநில அரசு வட்டியில்லாமல் 75 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. ஒரு தொன் மரத்திலிருந்து 67 கலன் எரிபொருள் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆலை 2014 தொடக்கத்திலேயே நின்றது. அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. விளைவு பற்றி முதலீட்டாளர்களுக்குத் தவறான தகவல் கொடுத்ததாக அந்நாட்டின் பங்குச் சந்தை ஆணைக்குழு 2016இல் அதன் மீது குற்றஞ்சாட்டியது. பணம், நிபுணர், மரம் எதற்கும் அங்கு குறைவிருக்கவில்லை!

எம் கவலை இயந்திரத்தைப் பற்றியது மட்டுமல்ல. கல்லுக்கு நஞ்சாகும் அதே பொற்றாசியம்தான் வயலுக்கு உணவு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பசளை தேடி அலைந்த விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாட்டுக்கும் மண்ணுக்கும் உரிய ஒன்றை 'விவசாயக் கழிவு' என்று திட்ட அறிக்கையில் எழுதுவது எளிது. அப்படி எழுதிக்கொண்டு எவராவது வந்தால் கிராம அபிவிருத்திச் சங்கம் சில கேள்விகளைக் கேட்கட்டும். ஒரு தொன் வைக்கோலுக்கு எத்தனை லீற்றர்? ஆலை எத்தனை மாதம் நிற்காமல் ஓடியிருக்கிறது? சாம்பல் வயலுக்குத் திரும்பி வருமா?

உமியின் கதை சற்று வேறு. மாடு அதை விரும்பாது. மண்ணில் உக்கவும் நாளெடுக்கும். நன்றாக எரிந்த உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குவரை சிலிக்கா. அதிலிருந்து சியோலைற்றையே செய்யலாம் என்று ஆய்வுகூடங்களில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் எரிபொருளுக்கு முன் இந்தக் கல்லில் கைவைத்தால் நல்லது. ஆலை முற்றத்தில் சாம்பல் குவிந்துதான் கிடக்கிறது.