மனிதனும் ஒரு வளமா?

"படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்றால் நம்மில் பலர் டாக்டர், என்ஜினீயர் என்போம். எனக்கோ மனிதவள மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற ஆசை. "ஆள் எடுக்கவும் சீட்டைக் கிழிக்கவும் ஒரு படிப்பா?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

சிரிப்பதற்குரியதன்று அது. பட்டப்படிப்புக்குப் பின் 2 ஆண்டுகள் பயிலும் இதில் தொழிலாளர் சட்டம், ஊதியம், உளவியல் எல்லாம் உண்டு. 500 பேருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 1949-இல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய கல்விக்கூடத்தின் பெயர் சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம். உறவு! எத்தனை அழகிய சொல்! இன்றோ 'வளம்' என்கிறோம். நிலக்கரி வளம், நீர் வளம், மனிதனும் அப்படித்தானா?

என் அத்தை ஆடை தைக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். மகனுக்குக் காய்ச்சல் என்று ஒரு மணி முன்னதாகப் புறப்பட்டார். அரைநாள் கூலி போயிற்று. முறையிடச் சென்றபோது, "விதி அப்படி" என்றாராம் அதிகாரி. அவரும் இப்படிப்பைப் படித்தவர்தாம்.

சம்பளம் தருபவர் பக்கமே அதிகாரி நிற்க வேண்டும் என்பர் சிலர். நான் ஒப்பமாட்டேன். உழைப்பவருக்கு நியாயமான கூலி தருவது நீதி என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். சட்டத்தை ஏட்டில் கற்கலாம். இரக்கத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

அந்த நாற்காலியில் நான் அமரும் நாளில், அத்தையைப் போன்றவர்கள் அஞ்சாமல் உள்ளே வர வேண்டும். தோழியரே, உங்களில் சிலரும் என்னோடு வருவீர்களா?